கடைசி மேடையில் ஒரு சமையலறை

என் அக்கா வீட்டுக்காரரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பள நாளில் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால், பக்கத்தில் நிற்பவர் விலாவில் இடித்த பிறகுதான் அது தன் பெயர் என்று அவருக்கு ஞாபகம் வரும். ஞாபகம் வந்ததும் உடனே போய்விடுவார் என்று நினைக்க வேண்டாம்.

அவர் எனக்கு அத்தை மகன். சொந்த அத்தையின் மகன் இல்லை. என் அப்பாவுடைய சித்தப்பா மகளுக்கு மகன். அந்த அத்தைக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவர் தையற்காரர், வாய் ஓயாது. அடுத்து இரண்டு பெண்கள், அண்ணனுக்குப் பதில் சொல்லியே வளர்ந்தவர்கள். கடைக்குட்டி எந்நேரமும் பாடிக்கொண்டிருப்பான். நாலாவதாகப் பிறந்த இவருக்கு அந்த வீட்டில் பேச இடம் கிடைக்கவில்லை. பிறகு இடம் கிடைத்தபோது அவருக்குத் தேவைப்படவில்லை.

முதலில் ஒரு கண்ணாடிக் கடையில் வண்டி ஓட்டினார். ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு போய் வீடுகளில் இறக்குகிற வேலை. ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை. ஆனால் இவர் போய்ச் சேர்வதற்குள் சில வீடுகளில் ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டிருந்தார்கள். கடைக்காரர் நல்ல மனிதர். "உன்மேல ஒரு குறையும் இல்லப்பா, ஆனா எனக்கு வயசாயிட்டே போகுது" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகுதான் ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் ஓட்டுநர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். பின்னாளில் எனக்கும் அங்கேயே தண்டவாளம் பராமரிக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். அதனால் அந்த இடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். வானத்தில் இருக்கிற சில பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலைகளை விட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பிடிக்கத்தான் டிஷ். பெரிய கிண்ணத்தை வானம் பார்க்க வைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். நீளமான ஒரு தண்டவாளத்தின் ஓரமாக அங்கங்கே கான்கிரீட் மேடைகள் போட்டு, அவற்றின்மேல் டிஷ்களை உட்கார வைத்திருப்பார்கள். கிட்டக்கிட்ட உட்கார வைத்தால் வானத்துப் பொருளின் மொத்த உருவம் தெரியும். எட்ட எட்ட வைத்தால் அதன் நுணுக்கம் தெரியும். எல்லா டிஷ்களும் பிடித்ததைச் சேர்த்து ஒரே படமாக ஆக்குவார்கள். எப்படி ஆக்குவார்கள் என்று என்னைக் கேட்டால், நான் தண்டவாளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

ஆக, டிஷ்களை அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும். அதற்கு ஒரு வண்டி. டிஷ்ஷுக்கு அடியில் நுழைந்து, அதை அப்படியே தூக்கி, தண்டவாளத்தில் கொண்டுபோய் வேறு மேடையில் இறக்கிவைக்கிற வண்டி. அதை ஓட்டுவதற்குத்தான் ஆள் தேடினார்கள். வந்தவர்களிடம் ஒரு தள்ளுவண்டியைக் கொடுத்து, அதில் விளிம்பு வரை தண்ணீர் நிறைத்த வாளியை வைத்து, அந்தக் கோடி வரை போய் வரச் சொன்னார்கள். மற்றவர்கள் போய் வந்து, சாப்பிட்டு, முடிவு தெரிய உட்கார்ந்திருந்தார்கள். இவர் வந்தபோது வாளியில் தண்ணீர் குறைந்திருந்தது. அது சிந்தியது இல்லை, வெயிலில் வற்றியது என்று தையற்கார அண்ணன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அது கொஞ்சம் அதிகம். ஆனால் வேலை இவருக்குத்தான் கிடைத்தது.

டிஷ்ஷை ஏற்றிக்கொண்டு இவர் போகும்போது தெருநாய்கள் குரைக்காது. அது நகர்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

அக்காவை அவருக்குக் கட்டிக் கொடுத்தது அந்தச் சமயத்தில்தான். கல்யாணம் ஆன கையோடு நிலையத்து வரிசை வீடுகளில் ஒன்று கொடுத்தார்கள். அந்த வரிசையைத் தண்டவாளத்தின் கோடியில் கட்டியிருந்தார்கள். காரணம் உண்டு. மிக்ஸி, மோட்டார், சுவிட்ச் எதைப் போட்டாலும் அதிலிருந்து ஒரு ரேடியோ இரைச்சல் கிளம்பும், டிஷ்களுக்கு ஆகாது. கோடியில் இருந்த கடைசி மேடையை அப்போதுதான் வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். அதனால் இரைச்சல் போடுகிறவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அத்தான் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே அந்தக் கடைசி மேடை. அதில் கடைசியாக இருந்த டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு போனவரும் அத்தான்தான்.

அந்த வீட்டுக்குச் சமையலறை என்று ஒன்று இல்லை. முன்னறையில் ஒரு மூலை. ஜன்னல் மறுபக்கம். தாளித்தால் வீடு முழுக்க இருமும். அக்கா ஒரு வருஷம் பொறுத்தாள். பிறகு ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அந்த மனுஷன் கிட்ட புகை வருதுன்னு போன வருஷம் சொன்னேன். இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்காரு" என்றாள் அம்மாவிடம்.

கொஞ்ச நாளில் அத்தான் வந்தார். வந்து எங்கள் முன்கூடத்தில் உட்கார்ந்தார். மாலைவரை உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டு தடவை சாப்பாடு போட்டாள். பொழுது சாயும்போது, "என்ன வேணும்?" என்று கேட்டார்.

"தனியா ஒரு சமையல் ரூம்" என்றாள் அக்கா.

எழுந்து போய்விட்டார். மழைக்காலம் தொடங்குவதற்குள் மறுபடி வந்தார். கையெல்லாம் சிமெண்ட் வெடிப்பு. கடைசி மேடையின்மேல் சுவர் எழுப்பி, கூரைக்குத் தகடு போட்டு, சமையலறை கட்டி முடித்துவிட்டார். தளம் போட வேண்டிய அவசியமே இல்லை என்றார். ஏற்கெனவே இருக்கிறது, பாறைவரை இறங்கிய கான்கிரீட் என்றார். அப்பா சந்தேகப் பிராணி. "கவர்மென்ட் இடமாச்சே மாப்பிள்ளை, நாளைக்கு வந்து கேட்டா?" என்றார்.

"இன்ஜினியரைக் கேட்டேன் மாமா. கடைசி மேடைக்கு இனி எதுவும் வராதுன்னுட்டாரு." பிறகு அக்காவைப் பார்த்தார். "அந்த இடத்தை யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டாலும் நான் குடுக்க மாட்டேன். இது என் வாக்கு."

எங்கள் வீட்டில் அவர் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அது. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தச் சமையலறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டிஷ்ஷின் மூன்று கால்களும் உட்காருவதற்கு மேடையில் மூன்று கான்கிரீட் திண்டுகள் எழும்பியிருக்கும். ஒவ்வொரு திண்டிலும் கட்டைவிரலைவிடத் தடியான போல்ட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு திண்டின்மேல் பலகை போட்டு அடுப்பு. ஒன்றின்மேல் தண்ணீர்த் தொட்டி. மூன்றாவதன்மேல் ஆட்டுக்கல். மட்டம் என்றால் அப்படி ஒரு மட்டம். வாணலியில் எண்ணெய் ஊற்றினால் நடுவிலேயே நிற்கும். வரிசை வீட்டுப் பெண்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வருவார்கள். அத்தான் வருஷத்துக்கு ஒருமுறை, அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் நேரமாகப் பார்த்து, பலகைகளைக் கழற்றி, அந்த போல்ட்களுக்கு கிரீஸ் தடவி, துணி சுற்றி, மறுபடி மூடிவிடுவார். எனக்குத் தெரியும், கிரீஸ் டப்பா தூக்கிக்கொண்டு போனவன் நான்.

இப்படி இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அப்போதுதான் டாக்டரம்மா வந்தார். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, வானம் பார்க்கிற டாக்டர். கடைசி மேடையில் டிஷ் இருந்த காலத்தில் அங்கே படிக்க வந்திருந்த பெண். அப்போது இரட்டைப் பின்னல். இப்போது முழுக்க நரை. ஒரே ஒரு பொருளைத்தான் அத்தனை வருஷமும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அது ஒரு வெடித்த நட்சத்திரம். வெடித்துச் சிதறியது ஒரு வளையம் மாதிரி எல்லாப் பக்கமும் விரிந்துகொண்டே போகிறதாம். நாங்கள் அதற்கு வளையல் என்று பெயர் வைத்திருந்தோம். அவர் படிக்கிற காலத்தில் அதை ரேடியோவில் படம் எடுத்தார்கள். வளையலின் கீழ் ஓரத்தில் ஒரு முடிச்சு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அந்த முடிச்சு இப்போது என்ன ஆனது, மங்கியதா, நகர்ந்ததா, உடைந்ததா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு இன்னொரு படம் வேண்டும்.

படம்தானே, எடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நானும் நினைத்தேன். அப்படி இல்லையாம். அக்கா கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாக நின்று ஒரு போட்டோ எடுத்தோம். இருபது வருஷம் கழித்து அதே ஆட்களைக் கண்டபடி நிறுத்தி இன்னொரு போட்டோ எடுத்தால், என் சித்தப்பா இளைத்துப்போய்விட்டாரா, இல்லை பின்னால் தள்ளி நிற்கிறாரா என்று சொல்ல முடியாது. இதுவும் அதே கதை. அந்தக் காலத்தில் டிஷ்கள் எந்தெந்த மேடையில் இருந்தனவோ அந்தந்த மேடையிலேயே மறுபடி இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசம் நட்சத்திரத்தின் வித்தியாசம். இல்லாவிட்டால் அது எங்கள் வித்தியாசம்.

டாக்டரம்மா வண்டிப் பட்டறைக்கு வந்து, எந்த டிஷ் எந்த மேடைக்கு என்று அத்தானிடம் சொல்லிக்கொண்டே போனார். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசி மேடை இருக்குதானே?"

"இருக்கு."

"இத்தனை வருஷமாச்சே, நல்ல நிலைமையில இருக்கா?"

"நல்லா இருக்கு. தினம் ரெண்டு வேளை கழுவி விடறாங்க."

"யாரு கழுவறாங்க?"

"வீட்ல."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் நேரிலேயே வந்துவிட்டார். அத்தான் வண்டிப் பட்டறையில் இருந்தார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கொல்லைப்பக்கம் வந்து, சமையலறையைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். அக்கா யாரோ பெரிய மனுஷி வந்திருக்கிறாள் என்று உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்தாள். அந்த அம்மாள் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தார். பிறகு குனிந்து அடுப்புக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"எலி எதுவும் இல்லம்மா, சுத்தமாத்தான் வச்சிருக்கேன்" என்றாள் அக்கா.

"இல்லம்மா... இந்தப் பலகையைக் கொஞ்சம் எடுக்கலாமா?"

எடுத்தார்கள். துணி சுற்றியிருந்தது. துணியைப் பிரித்தால் போல்ட். நேற்றுப் போட்ட மாதிரி கிரீஸ். டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஐயோ, எவ்வளவு நல்லா வச்சிருக்காங்க! டிஷ்ஷை அப்படியே கொண்டுவந்து வச்சுடலாம் போல இருக்கே!" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்குப் பட்டறையில் ஒரு வேலை ஞாபகம் வந்தது. ஆனால் அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எந்த டிஷ்ஷுடா தம்பி?"

சொன்னேன். டாக்டரம்மா மீதியைச் சொன்னார். பாவம், அவருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

"உங்க நட்சத்திரம் வெடிச்சு எத்தனை வருஷமாச்சும்மா?" என்று அக்கா கேட்டாள்.

"இங்க இருந்து பார்க்கத் தெரிஞ்சு முந்நூறு வருஷத்துக்கு மேல."

"இத்தனை நாள் பொறுத்தது இன்னும் கொஞ்ச நாள் பொறுக்காதா?"

"அது பொறுக்கும்மா. இங்கதான் பொறுக்க மாட்டாங்க. இந்த சீசனோட டிஷ்ஷை எல்லாம் கழட்டிட்டு வேற மாதிரி போடப் போறாங்க. அப்புறம் பழைய மாதிரி எடுக்கவே முடியாது."

"பக்கத்துல காலி இடம் கிடக்கே, அங்க வைங்களேன்."

"நாலு அடி தள்ளினா பரவாயில்லைதான். ஆனா மண்ணு தாங்காது. டிஷ் சாஞ்சுடும். பாறைவரைக்கும் கான்கிரீட் போட நாளும் இல்ல, அனுமதியும் இல்ல."

"சரி, அது என்ன பண்ணுது அங்க? வளருதா, தேயுதா?"

"வளருது. ஆனா வளர வளர மங்கிக்கிட்டே வருது."

"அந்த மாதிரி எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்றாள் அக்கா. "வரட்டும் சாயங்காலம்."

சாயங்காலம் அத்தான் வந்தார். அக்கா பலகையை மூடாமல், போல்ட் தெரியும்படியே வைத்திருந்தாள். நான் ஏன் அங்கிருந்து போகவில்லை என்றால், சாட்சிக்கு நீயும் இருடா என்று சொல்லிவிட்டாள்.

"இது என்ன?"

"போல்ட்டு."

"இதுல என்ன?"

"கிரீஸு."

"இத்தனை வருஷமா என் அடுப்புக்கு அடியில எனக்குத் தெரியாம கிரீஸ் போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. எதுக்கு? என்னைக்காவது அது திரும்பி வரும்னுதானே? எங்கப்பா முன்னாடி வாக்குக் குடுத்தவரு, ஒரு பக்கம் எனக்கு வாக்கு, இன்னொரு பக்கம் அதுக்கு கிரீஸ்!"

அத்தான் யோசித்தார். நாங்கள் காத்திருந்தோம்.

"போல்ட்டுன்னா கிரீஸ் போடணும்" என்றார்.

"அவ்வளவுதானா?"

"போடலன்னா துரு பிடிக்கும்."

அவருக்கு வேறு காரணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் அடுத்தவர் வீட்டுக் கேட்டில் துரு பார்த்தாலும் எண்ணெய் விட்டுவிட்டு வருகிற ஆள். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா அன்றைக்குச் சமைத்தாள், பரிமாறவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அத்தான் ஆறிப்போன சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார். எனக்கும் போட்டார்.

மறுநாள் நிலைய மேலாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். நானும் போய்க் கதவோரம் நின்றேன். மேலாளர் மேஜையில் மூன்று போன் வைத்திருந்தவர். மூன்றும் அன்றைக்கு அடிக்கவில்லை என்பதால் முழுக் கவனமும் எங்கள்மேல் இருந்தது.

"அந்த ரூமை இடிச்சுட்டு டிஷ்ஷை வைக்கணும். எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"நான் இடிக்கலைங்க" என்றார் அத்தான்.

"என்னது?"

"டிஷ் எல்லாத்தையும் அந்தந்த மேடையில வச்சுத் தர்றேன். கடைசி மேடைக்கு மட்டும் கொண்டு போக மாட்டேன். வீட்ல வாக்குக் குடுத்திருக்கேன்."

"யோவ், நீ கட்டினதே அனுமதி இல்லாத கட்டடம். இடிக்கிறதுக்கு உன்னைக் கேக்கணும்னே இல்ல. வேலையும் போயிடும், வீடும் போயிடும், தெரியுமா?"

"தெரியுங்க."

அதோடு நிறுத்திக்கொண்டார். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அந்தக் காலத்தில் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவைத்துவிட்டுக் கையெழுத்துக்கு நிற்கிற மாதிரி நின்றார். அங்கே உட்கார்ந்திருந்த டாக்டரம்மாதான் குறுக்கே வந்தார். "ஒருத்தங்க அடுப்பை இடிச்சுட்டு எனக்கு ஒரு படம் வேண்டாம் சார். கடைசிக்கு முந்தின மேடையில வச்சு எடுத்துப் பார்க்கிறேன்" என்றார்.

அப்படியே செய்தார்கள். முந்தின மேடையில் டிஷ்ஷை வைத்து வளையலைப் படம் எடுத்தார்கள். வந்தது. பட்டறையில் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். பழைய படத்தில் பளிச்சென்று இருந்த முடிச்சு புதியதில் ஊதிப்போய், மங்கலாக, கலைந்த பொட்டு மாதிரி இருந்தது. "மங்கிடுச்சு! மாறிடுச்சு!" என்று கூட வந்திருந்த படித்த பிள்ளைகள் குதித்தார்கள். டாக்டரம்மா மட்டும் குதிக்கவில்லை. அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கடைசி மேடை இல்லாததால நுணுக்கம் கொஞ்சம் கரைஞ்சிருக்கும். முடிச்சு நிஜமா ஊதிடுச்சா, நமக்குத்தான் அப்படித் தெரியுதான்னு இதை வச்சுச் சொல்ல முடியாது" என்றார்.

"அப்ப என்ன எழுதறது மேடம்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"தெரியலன்னு எழுதறது."

அதைக் கேட்டு அத்தான் வெளியே போய்விட்டார். வண்டிக்கு அடியில் குனிந்து, ஏற்கெனவே துடைத்த சக்கரத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. இருபது வருஷத்தில் அந்த மனுஷன் சோறு தின்னாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. தாமதமாகத் தின்பார், அது வேறு.

நான் நேரே அக்காவிடம் போனேன்.

"என்னடா, படம் வந்துச்சா?"

"வந்துச்சு. தெரியலன்னு எழுதப் போறாங்க."

"என்ன தெரியல?"

"அந்த முடிச்சு என்ன ஆச்சுன்னு தெரியல. உன் மேடை இல்லாம தெரியாதாம்."

"இவ்வளவு பேரு சம்பளம் வாங்கிட்டு, அவ்வளவு பெரிய கிண்ணத்தை எல்லாம் வச்சுக்கிட்டு, தெரியலன்னா எழுதுவாங்க?"

"அந்தம்மா பொய் எழுத மாட்டாங்களாம்."

அக்கா முறத்தில் இருந்ததைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு நான் மேலாளர் அறையில் நடந்ததைச் சொன்னேன். வேலை போகும், வீடு போகும் என்று அவர் சொன்னதையும், அத்தான் சொன்ன பதிலையும் சொன்னேன். முறம் நின்றது.

"எங்கிட்ட இதைச் சொல்லவே இல்லையேடா."

"நீ கேட்டியா?"

"நான் கேக்கலைன்னா சொல்லக்கூடாதா? புருஷன்தானே? ஊரெல்லாம் வாக்குக் குடுத்திருக்கேன், வாக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லத் தெரியுது. வாக்கு யாருக்குக் குடுத்தாரோ அவகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்ல வரலையா?"

"அத்தானைப் பத்தி உனக்குத் தெரியாதா அக்கா."

"எனக்குத் தெரியாம? உனக்குத்தான் தெரியுமாக்கும்" என்று சொல்லிவிட்டு, முறத்தைக் கீழே வைத்தாள்.

அத்தான் வீடு திரும்பியபோது கொல்லையெல்லாம் டப்பா. மேல் பலகையில் இருந்தது, கீழ் பலகையில் இருந்தது, அடுக்குச் சட்டி, ஜாடி, எல்லாம் வெளியே வந்து உட்கார்ந்திருந்தன. அக்கா தகட்டுக் கூரையின் ஆணியைத் திருப்பி எடுக்க முயற்சி செய்துகொண்டிருந்தாள். வரிசை வீட்டுப் பெண்கள் சுவர்மேல் வரிசையாகத் தலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பண்றே?" என்றார் அத்தான்.

"தெரியல? பிரிக்கிறேன்."

"நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"குடுத்தது நீங்க. வாங்கினது நான். என் பொருளை நான் திருப்பிக் குடுக்கிறேன். வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?"

அத்தானுக்கு இதில் ஏதோ ஓட்டை இருப்பது போலத் தோன்றியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் தேடினார். கிடைக்கவில்லை.

"அந்த ஆணி அப்படி வராது. குடு" என்று சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

பட்டறை ஆட்கள் எல்லோரும் வந்து கைகொடுத்தோம். சுவர் இறங்கியது. மேடை வெளிச்சத்துக்கு வந்தது. அடுப்பு இருந்த திண்டில் மட்டும் கொஞ்சம் கரி. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, டப்பாக்களை வீட்டுக்குள் தூக்கிவைக்க ஆரம்பித்தார். "அதை அங்க வைக்காதீங்கம்மா, உப்பு ஜாடிக்குப் பக்கத்துல ஈரம் ஆகாது" என்று அக்கா அதட்டினாள். அவர் மாற்றி வைத்தார்.

துருப்பிடித்த கடைசித் துண்டுத் தண்டவாளத்தை நாங்கள் புல் பறித்துச் சரிசெய்தோம். பிறகு ஒருநாள் காலையில் அத்தான் டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வரிசை வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. டிஷ் உட்காரும் நாள்முதல் மிக்ஸி கூடாது, மோட்டார் கூடாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். பெண்களெல்லாம் ஆட்டுக்கல்லைத் தேடி எடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வெடித்துப்போன நட்சத்திரத்தை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார்கள்.

வண்டி மேடைமேல் வந்து நின்றது. மூன்று காலும் மூன்று திண்டுக்கும் நேர்மேலே. இறக்க வேண்டியதுதான் பாக்கி. போல்ட் ஓரத்தில் ஆள் நிறுத்தியாயிற்று. டாக்டரம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மேலாளரும் வந்திருந்தார். அத்தான் லீவரில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இறக்கவில்லை.

"என்னய்யா, ஏதாவது கோளாறா?" என்று மேலாளர் கத்தினார்.

"இல்லைங்க."

"அப்புறம்?"

அத்தான் கொல்லைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். முன்னறை மூலையில், பழையபடி புகைக்கு நடுவில், அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு எதையோ கிளறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ சொன்னாத்தான் இறக்குவாரு போல இருக்கு."

"இறக்கச் சொல்லுடா!" என்றாள். பிறகு நான் போய்ச் சொன்னால் போதாது என்று அவளுக்கே பட்டது. கரண்டியோடு கொல்லைக்கு வந்து, மூன்று மாடி உயரத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இறக்குங்க! நான் என்ன பிடிச்சுக்கிட்டா நிக்கிறேன்?" என்று கத்தினாள்.

இறக்கினார். கண்ணாடி வைக்கிற மாதிரி வைத்தார்.

படம் வந்த பிறகு டாக்டரம்மா இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வளையல் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. பெரிதானது விரல் நகத்தின் கனம்கூட இருக்காது. மொத்தத்தில் மங்கியிருந்தது. பளிச்சென்ற அந்த முடிச்சு ஊதிப்போகவில்லை. இரண்டாக உடைந்து, ஒன்று வெளிப்பக்கம் நகர்ந்துவிட்டது, இன்னொன்று அங்கேயே தங்கி மங்கிக்கொண்டிருந்தது. முந்தின மேடையில் வைத்து எடுத்தபோது இரண்டும் ஒன்றோடொன்று கரைந்து ஒரே பொட்டாகத் தெரிந்திருக்கிறது. எதிர்ப்பக்கம், யாருமே எதிர்பார்க்காத இடத்தில், புதிதாக ஒரு பளிச்சு.

"இதுல என் சமையல் ரூம் எது?" என்று அக்கா கேட்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பென்சில் முனையால் இரண்டு முடிச்சுக்கும் நடுவில் தொட்டார். "இந்த இடைவெளி. கடைசி மேடை இல்லாம இது தெரியாது."

அக்கா அந்த இடைவெளியைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா."

"இப்பத் தெரியுதுன்னு எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"சரி" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். டாக்டரம்மா அதை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றார். எங்கே மாட்டுவது, இங்கே புகை பிடித்துக் கறுத்துவிடும் என்று அக்கா வாங்க மறுத்துவிட்டாள்.

அத்தான் அடுத்த வாரம் வீட்டின் இன்னொரு பக்கத்தில், எந்த மேடையும் இல்லாத வெறும் மண்ணில், கயிறு கட்டிக் குழி தோண்ட ஆரம்பித்தார். இந்தத் தடவை மேலாளரிடம் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தார். அக்கா வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இந்த இடத்தையாவது யாரும் கேட்டு வர மாட்டாங்களே?"

அத்தான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். மேலே பார்த்தார். தண்டவாளத்தின் பக்கம் பார்த்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் நான் ஒரு சட்டி மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

"தெரியல" என்றார்.

"சரி, தோண்டுங்க" என்றாள் அக்கா.